ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு: ஹோட்டலைத் தேடுவதற்கு முன் ஊரைப் பாருங்கள்

ஆல்ப்ஸில் ஒரு வாரம் பனிச்சறுக்குக்குப் போவது என்று முடிவானதும் பலரும் செய்யும் முதல் காரியம், பதிவுத் தளத்தைத் திறந்து, கேள்விப்பட்ட ஏதோ ஓர் ஊர்ப்பெயரைப் போட்டு, நான்கு நட்சத்திரம், நீச்சல்குளம், மதிப்பெண் 8.5-க்கு மேல் என்று வடிகட்டுவதுதான். பாரிசுக்கோ பாலிக்கோ போகிறவருக்கு அது போதும். இங்கே போதாது. காலை ஒன்பது மணிக்கு, மலைமேல் ஏற்றிவிடும் எந்த லிஃப்ட்டின் முன்னால் நிற்கப் போகிறீர்கள், அதுவரைக்கும் எப்படிப் போவீர்கள், சாயங்காலம் எந்தச் சரிவில் இறங்கி வருவீர்கள், அந்தச் சரிவில் பனி இருக்குமா என்பதெல்லாம் சேர்த்துத்தான் அந்த அறைக்குக் காசு கொடுக்கிறீர்கள். நட்சத்திரத்தில் இதில் ஒன்றும் தெரியாது.

என்னைக் கேட்டால், முதலில் ஊர், அப்புறம் அந்த ஊருக்குள் எந்த மூலை, கடைசியில்தான் ஹோட்டல். ஊரைத் தேர்ந்தெடுக்க ஒரு குறுக்குவழியும் இருக்கிறது: அது எப்படி உருவான ஊர் என்று பார்ப்பது. ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு ஊர்களின் பிறப்பு மூன்று நான்கு வகைக்குள் அடங்கிவிடும். எந்த வகை என்று தெரிந்துவிட்டால் உயரம், கட்டடம், சாப்பாடு, லிஃப்ட்டுக்கு நடக்க வேண்டிய தூரம், கடைசியில் வரும் பில் எல்லாவற்றையும் ஓரளவு முன்கூட்டியே ஊகித்துவிடலாம்.

பிரான்சில் இது பளிச்சென்று தெரியும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 1946-ல் கூர்ஷெவெல் ஊரைக் கட்டத் தொடங்கினார்கள். 1964-ல் அரசாங்கமே 'பனித் திட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக, கோடையில் மாடு மேய்க்க மட்டும் ஆள் போய்வந்துகொண்டிருந்த உயரமான இடங்களில் லா பிளான், லெ மெனுயிர், அவோரியா, ஃப்ளேன், லெஸ் ஆர்க், வால் தொரான்ஸ் என்று வரிசையாகப் புது ஊர்கள் முளைத்தன. கட்டியவர்கள் முதலில் சரிவுகளைத்தான் பார்த்தார்கள். சரிவுகள் வந்து முடிகிற இடம் எதுவோ அங்கே கட்டடத்தை நிறுத்தினார்கள். அதனால் இங்கெல்லாம் பெரும்பாலும் வாசலிலேயே ஸ்கீ என்ற சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு கிளம்பலாம், மாலையில் வாசலிலேயே வந்து நிற்கலாம். அவோரியாவில் காருக்கே இடமில்லை, தெருவே சறுக்குப் பாதைதான், பெட்டியைக் குதிரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவார்கள்.

இந்த வசதிக்கு விலை, அழகு. ஃப்ளேன் நகரத்தை வடிவமைத்தவர் நவீனக் கட்டடக்கலையில் பெரிய பெயரான மார்செல் ப்ராயர், லெஸ் ஆர்க் திட்டத்தில் ஷார்லோட் பெரியான் வேலைசெய்தார், கட்டடக்கலை மாணவர்கள் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். ஆனால் மரவீடு, ஜன்னலோரப் பூந்தொட்டி, தேவாலயக் கோபுரம் என்று காலண்டர் படத்தை மனதில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு அந்த கான்கிரீட் அடுக்குகள் முகத்தில் அறையும். இன்னொரு சங்கதி, இந்த ஊர்களை நகரத்து மக்களுக்குச் சின்னச் சின்ன ஃபிளாட்டுகளாக விற்றுத்தான் கட்டினார்கள். அதனால் ஹோட்டலைவிட ஃபிளாட்டுகளே அதிகம். 'நான்கு பேருக்கான ஸ்டுடியோ' என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் 20, 25 சதுர மீட்டர் அறை ஒன்று. இரண்டு பேர் ஹாலில் பிரித்துப் போடும் சோபாவில், இரண்டு பேர் வாசல் நடைபாதையில் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குக் கட்டிலில். நான்கு பேரின் ஈர ஜாக்கெட்டும் கையுறையும் சாக்ஸும் அதே அறையில்தான் காய வேண்டும். விளம்பரம் பொய் சொல்லவில்லை, நான்கு பேர் படுக்கலாம்தான். ஆறு பேருக்கு என்று போட்டிருக்கும் இடத்தை நான்கு பேர் எடுத்தால் நிம்மதி. படுக்கை விரிப்பு, துண்டு, கடைசி நாள் துப்புரவு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணமா என்பதையும் பார்த்துவிடுங்கள், பல இடங்களில் தனிதான்.

ஆஸ்திரியா இதற்கு நேர் எதிர். அங்கே ஊர் முதலில் வந்தது, பனிச்சறுக்கு அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. விவசாயம், தேவாலயம், சந்தை எல்லாம் பள்ளத்தாக்கின் அடியில்தான் அமையும், ஆகவே ஊர்களும் தாழ்வாகவே இருக்கின்றன. செயின்ட் ஆன்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1884-ல் ஆர்ல்பெர்க் ரயில் சுரங்கம் திறந்தது, 1901-ல் ஆர்ல்பெர்க் ஸ்கீ கிளப், 1920-களின் தொடக்கத்தில் ஹான்னஸ் ஷ்னைடரின் ஸ்கீ பள்ளி. இன்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் முறைக்கு அந்த மனிதர் போட்ட அடித்தளம் பெரியது. ஊர் இருப்பது சுமார் 1,300 மீட்டரில். கிட்ஸ்பூயல் இன்னும் கீழே, 760 மீட்டர்.

இப்படிப்பட்ட ஊரில் ஹோட்டல் என்றால் அது குடும்பத் தொழில். தாத்தா காலத்துப் பண்ணைவீட்டில் நாலு அறையை வாடகைக்கு விட்டதில் தொடங்கி, இன்று பேத்தி வரவேற்பில் நிற்கிறாள் என்பது டிரோல் மாநிலத்தில் சாதாரணக் கதை. வழக்கமான ஏற்பாடு 'ஹாஃப் போர்டு', அதாவது காலை உணவும் இரவு உணவும் வாடகையிலேயே சேர்ந்தது. பல இடங்களில் நான்கு மணிக்குக் கேக்கும் சூப்பும்கூட உண்டு. பெயரில் 'கார்னி' என்று இருந்தால் காலை உணவு மட்டும்தான். ஹாஃப் போர்டைச் சிலர் சுதந்திரம் போய்விடுமே என்று தவிர்க்கிறார்கள். எட்டு மணி நேரம் குளிரில் கிடந்துவிட்டு, பிள்ளைகள் பசியில் சிணுங்க, இருட்டில் பனியில் சறுக்கிச் சறுக்கி உணவகம் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல், கணக்குப் பார்த்தாலும் பெரும்பாலும் மலிவு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே எழுதிவிட வேண்டும், சொல்லிவிட்டால் தனியாகச் செய்து கொடுப்பார்கள். ஆனால் சைவம் என்றால் என்னவென்று விளக்கியும் எழுதுங்கள். தோசையைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டதுபோல் ஒரு தெளிந்த சூப் வரும், பார்க்கச் சாதுவாக இருக்கும், அதன் சாறு மாட்டெலும்பில் எடுத்தது. ரொட்டி உருண்டையில் பன்றிக்கறித் துணுக்கு இருக்கலாம். பாலாடைக்கட்டி நூடுல்ஸ் மாதிரி இருக்கும் கேஸ்ஷ்பெட்ஸ்லேயும், கைஸர்ஷ்மார்ன் என்ற இனிப்பு ஆம்லெட்டும் மலைக்குடிலிலும் கிடைக்கும், முட்டை பிரச்சினை இல்லை என்றால் மதியத்தை ஓட்டிவிடலாம்.

ஆஸ்திரிய ஹோட்டல் படங்களில் பாதி, சானா என்ற வெப்ப அறைதான் இருக்கும். நல்ல விஷயம்தான், கால்வலிக்கு அதைவிட மருந்து இல்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் நீச்சலுடைகூட இல்லாமல் துண்டோடு போவதுதான் விதி, ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே இடம். மாமியாரோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது. சில ஹோட்டல்களில் குடும்பங்களுக்கென்று நீச்சலுடையோடு போகும் சானா தனியாக இருக்கிறது, கேட்டால் சொல்வார்கள்.

சரி, தாழ்வான ஊர் என்றால் பனி? இங்கேதான் இன்றைக்குப் பெரிய சிக்கல். பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். 800 மீட்டரில் மழை பெய்கிற அதே நேரத்தில் 2,000 மீட்டரில் பனி கொட்டும், வித்தியாசம் அவ்வளவுதான். 2007-ல் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி ஆல்ப்ஸின் 666 பனிச்சறுக்குப் பகுதிகளை ஆராய்ந்து, அவற்றில் 609 இடங்களில் இயற்கைப் பனியை நம்பலாம் என்றது. வெப்பம் இன்னும் இரண்டு டிகிரி கூடினால் அது 404 ஆகவும், நான்கு டிகிரி கூடினால் 202 ஆகவும் குறையும் என்றது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு ஐரோப்பா முழுவதும் 2,234 மையங்களைப் பார்த்தது. உலக வெப்பம் இரண்டு டிகிரி உயர்ந்தால், செயற்கைப் பனி இல்லாத நிலையில் 53 சதவீத மையங்கள் பனிப் பற்றாக்குறையின் மிக உயர்ந்த ஆபத்தில் இருக்கும். பாதிச் சரிவுகளுக்குச் செயற்கைப் பனி போட்டால் அது 27 சதவீதமாகக் குறையும். 2023 ஜனவரித் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் அடெல்போடனில் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தபோது, இருபுறமும் பச்சைப் புல், நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கீற்று; அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது.

செயற்கைப் பனி இருக்கிறதே என்று ஹோட்டல்காரர் சொல்வார். இருக்கிறது. ஆனால் அதைத் தூவும் பனிப் பீரங்கிக்கும் குளிர் வேண்டும். காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு மைனஸ் இரண்டு மூன்று டிகிரிக்குக் கீழே போனால்தான் அது ஒழுங்காக வேலைசெய்யும். டிசம்பர் கடைசியில் பத்து டிகிரி அடித்தால் பீரங்கியும் சும்மாதான் நிற்கும். அதனால் உயரம் பார்க்கும்போது ஊரின் உயரம், மலையுச்சியின் உயரம் என்று இரண்டை மட்டும் பார்க்காமல், சரிவுகளில் பெரும்பகுதி எந்த உயரத்தில் இருக்கிறது, எந்தத் திசை பார்த்திருக்கிறது என்றும் பாருங்கள். வடக்குப் பார்த்த சரிவில் பனி நிற்கும், தெற்குப் பார்த்ததில் மார்ச் மாத மத்தியானம் கஞ்சியாகிவிடும். செயின்ட் ஆன்டன் ஊர் 1,300-ல் இருந்தாலும் அதன் நல்ல சரிவுகள் 2,000 மீட்டருக்கு மேல்தான், ஆகவே அது தாழ்வான ஊர் என்று ஒதுக்குவது தப்புக் கணக்கு. ஊர்ப்பெயரில் எண் இருந்தாலும் அப்படியே நம்ப வேண்டாம். கூர்ஷெவெல் 1850 என்று பெயர் பெற்ற இடத்தின் நடுப்பகுதி உண்மையில் அதைவிட நூறு மீட்டர்போலத் தாழ்வு.

இதை வாசித்துவிட்டு உடனே மிக உயரமான ஊருக்கு ஓட வேண்டாம். வால் தொரான்ஸ் 2,300 மீட்டரில் இருக்கிறது, ஐரோப்பாவிலேயே உயரமான பனிச்சறுக்கு ஊர் என்ற பெயர் அதற்கு. அது சேர்ந்திருக்கும் 'மூன்று பள்ளத்தாக்குகள்' பகுதி முழுவதிலும் 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை என்று சொல்கிறார்கள். நவம்பர் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை பனிக்குக் கவலையில்லை. ஆனால் அந்த உயரத்தில் மரமே கிடையாது. மரம் இல்லாவிட்டால் என்ன என்று தோன்றும். மேகம் இறங்கிப் பனி கொட்டும் நாளில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும், முன்னால் இருப்பது மேடா பள்ளமா என்று கண்ணுக்குத் தெரியாது, நின்றுகொண்டே விழுகிறவர்களும் உண்டு. காட்டுக்குள் போகும் பாதை என்றால் மரங்கள் இரண்டு பக்கமும் வரைகோடுபோல் நின்று வழி காட்டும். காற்று அடித்தால் உயரத்து லிஃப்ட்டுகளை முதலில் மூடுவார்கள். ஜனவரியில் மைனஸ் பதினைந்து, இருபது சாதாரணம். முதல் இரண்டு ராத்திரி தூக்கம் சரியாக வராமல் தலைவலியோடு எழுகிறவர்களும் இருக்கிறார்கள், 2,300 மீட்டரில் அது இயல்பு. டிசம்பர் தொடக்கம், ஏப்ரல், ஈஸ்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு உயரம். ஜனவரி என்றால் மரம் இருக்கும் நடுத்தர உயரம். இதுதான் என் கணக்கு.

சுவிட்சர்லாந்தில் ஊரை உருவாக்கியது ரயிலும் ஆங்கிலேயரும். 1864-ல் செயின்ட் மோரிட்ஸின் ஹோட்டல்காரர் யோஹான்னஸ் பாட்ருட், கோடை விருந்தாளிகளாக வந்திருந்த ஆங்கிலேயரிடம், குளிர்காலத்திலும் வாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவை நான் தருகிறேன் என்று பந்தயம் கட்டியதாகச் சொல்வார்கள். கதை கொஞ்சம் ஜோடிக்கப்பட்டிருக்கலாம், ஆனாலும் குளிர்காலச் சுற்றுலாவின் தொடக்கமாக அந்த ஊரே இதைத்தான் கொண்டாடுகிறது. அதனால் இங்கே பழைய மாளிகை ஹோட்டல்கள், மலையேறும் பல்சக்கர ரயில்கள், கார் நுழைய முடியாத ஊர்கள். வெங்கன், மூரன், செர்மாட் மூன்றுக்கும் காரில் போக முடியாது.

செர்மாட்டையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஒரே ஊருக்குள் மூலை எவ்வளவு முக்கியம் என்று அதில் நன்றாகப் புரியும். காரை டேஷ் என்ற இடத்தில் விட்டுவிட்டு பன்னிரண்டு நிமிடம் ரயிலில் வர வேண்டும். ஊர் ஆற்றையொட்டி நீளவாக்கில் கிடக்கிறது. வடக்கு முனையில் ரயில் நிலையம். அதற்கு எதிரிலேயே 1898 முதல் ஓடும் கோர்னர்கிராட் ரயில், ஆற்றைத் தாண்டினால் சுன்னெகா போகும் சுரங்க ரயில். மேட்டர்ஹார்ன் மலைப்பக்கத்துப் பனியாற்றுச் சரிவுகளுக்கும், 3,883 மீட்டர் உயரத்து நிலையத்துக்கும், அப்படியே இத்தாலியின் செர்வீனியாவுக்கும் போகிற கேபின் லிஃப்ட்டோ தெற்குக் கோடியில். இரண்டுக்கும் நடுவே நடந்தால் இருபது நிமிடத்துக்கு மேல், ஸ்கீ பூட்ஸோடு என்றால் அரைமணி. மின்சார பஸ் உண்டு, காலை ஒன்பது மணிக்கு அது எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல்முறை கற்றுக்கொள்கிறவர்களின் இடம் சுன்னெகாவுக்குச் சற்றுக் கீழே லைசே ஏரிப் பக்கம் இருக்கிறது. ஆகவே குழந்தைகளோடு போகிறவர் வடக்கு மூலையில் தங்க வேண்டும், தினமும் இத்தாலிக்குப் போய் பாஸ்தா சாப்பிட்டுத் திரும்பும் திட்டம் உள்ளவர் தெற்கு மூலையில். இரண்டு ஹோட்டலும் தளத்தில் 'செர்மாட் மையம், லிஃப்ட் அருகில்' என்றே காட்டும்.

இந்த நடையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கீ பூட்ஸ் என்பது கணுக்கால் மடங்கவே கூடாது என்று செய்த கெட்டி பிளாஸ்டிக் ஓடு. குதிகால் முதலில் ஊன்றி, முழங்கால் முன்னால் துருத்தி, தோளில் வழுக்கும் ஸ்கீ, ஒரு கையில் இரண்டு கம்பு, இன்னொரு கையில் ஆறு வயதுப் பிள்ளை, அதன் ஸ்கீயும் நம் தோளில்தான். கீழே சாலை உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும். தளத்தில் '400 மீட்டர்' என்று போட்டிருப்பது இதுதான். அது ஏற்றமா இறக்கமா என்று வரைபடத்தில் பாருங்கள். அந்த லிஃப்ட் மலைக்குப் போகும் முக்கிய லிஃப்ட்தானா, இல்லை பயிற்சிச் சரிவின் குட்டி லிஃப்ட்டா என்று பாருங்கள். முக்கியமாக, மாலையில் அந்த இடத்துக்கே இறங்கிவரப் பாதை இருக்கிறதா, அதன் நிறம் என்ன என்று பாருங்கள்; பாதை எவ்வளவு கடினம் என்பதை நிறத்தில்தான் காட்டுவார்கள், நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். ஊருக்கு இறங்கும் கடைசிச் சரிவு சிவப்போ கறுப்போ ஆக இருந்து, நாலு மணிக்கு ஊரே அதில் இறங்கி, அது மேடும் ஐஸுமாகக் கிடந்தால், புதியவர்கள் லிஃப்ட்டிலேயே கீழே வருவதுதான் புத்திசாலித்தனம்.

தூரத்தை வெல்ல ஒரு மலிவான வழி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. லிஃப்ட்டின் அடியிலேயே இருக்கும் வாடகைக் கடைகள் பலவற்றில் ராத்திரி பூட்ஸையும் ஸ்கீயையும் வைத்துவிட்டு வர லாக்கர் உண்டு, பூட்ஸைச் சூடாக்கி உலர்த்தும் கருவியோடு. ஊரின் ஓரத்திலோ அடுத்த கிராமத்திலோ பாதி வாடகைக்குத் தங்கிக்கொண்டு, சாதாரண ஷூவில் பஸ் ஏறி வந்து, லிஃப்ட் அடியில் மாட்டிக்கொண்டு கிளம்பலாம். சில நல்ல ஹோட்டல்களே அப்படி ஓர் அறையை லிஃப்ட் பக்கத்தில் வைத்திருக்கின்றன. ஹோட்டலுக்குள் ஸ்கீ அறை என்றால் அதில் பூட்ஸ் சூடாக்கி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஈரமான, உறைந்த பூட்ஸில் காலை நுழைப்பது ஒரு தனி தண்டனை.

இத்தாலியின் டோலமைட் மலைகள் இந்தக் கணக்கில் ஒரு கலவை. தெற்கு டிரோல் முதல் உலகப் போருக்குப் பிறகுதான் இத்தாலிக்குப் போனது, அதனால் ஹோட்டல் ஆஸ்திரிய ஒழுங்கில் நடக்கும், சமையல் இத்தாலியக் கையில் இருக்கும். இதைவிட நல்ல கூட்டணி ஆல்ப்ஸில் இல்லை என்பது என் கட்சி. வால் கார்டெனா பள்ளத்தாக்கில் ஓர்டிசெய் 1,236 மீட்டர், செல்வா 1,563 மீட்டர். செல்வாவிலிருந்து செல்லாரோண்டா என்ற சுற்றில் ஏறி, நான்கு கணவாய்களைத் தாண்டி, ஒரு முழு மலைத்தொகுதியையே வலம்வந்து அன்றே திரும்பலாம், லிஃப்ட்டும் சரிவுமாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஆரஞ்சு அம்பு வலச்சுற்று, பச்சை அம்பு இடச்சுற்று. ஓர்டிசெய்க்கு மேலே சைசர் ஆல்ம் என்று ஒரு பெரிய மேட்டுச் சமவெளி, புதியவர்களுக்கு அதைவிட இதமான சரிவு கிடைப்பது கஷ்டம். இயற்கைப் பனி இங்கே குறைவுதான், ஆனால் ஏறக்குறைய எல்லாச் சரிவுகளுக்கும் செயற்கைப் பனி வசதி வைத்திருக்கிறார்கள், குளிரும் இருப்பதால் அது வேலைசெய்கிறது. ஒன்று, இத்தாலியில் 2022 முதல் சறுக்குகிறவர் எல்லாரிடமும் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு இருக்க வேண்டும். லிஃப்ட்டுக்கான பாஸ் வாங்கும்போதே சில யூரோவுக்குக் கிடைக்கும்.

பாதைகளின் மொத்த கிலோமீட்டரைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பதும் பரவலான பழக்கம். 2013-வாக்கில் கிறிஸ்டோஃப் ஷ்ராஹே என்ற ஜெர்மானியர் டிஜிட்டல் வரைபடத்தில் பாதைகளை அளந்து பார்த்து, பல பெரிய பகுதிகள் தங்கள் தூரத்தை ஊதிப் பெருக்கிச் சொல்வதாக வெளியிட்டார், பெரிய சலசலப்பு. சறுக்குகிறவர் வளைந்து வளைந்து போவதையும் தூரத்தில் சேர்த்தோம் என்று சிலர் பதில் சொன்னார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எப்படியானாலும் புதிதாகக் கற்கிறவருக்கு 600 கிலோமீட்டரும் 60 கிலோமீட்டரும் ஒன்றுதான், முதல் நான்கு நாள் அவர் 200 மீட்டர் சரிவில்தான் இருப்பார். பெரிய பகுதிக்கு ஆறு நாள் பாஸ் 400 யூரோவை ஒட்டி வருகிறது. புதியவருக்கு அந்தப் பணம் வீண். பயிற்சிச் சரிவுக்கு மட்டுமான மலிவு பாஸ், சில இடங்களில் இலவச லிஃப்ட்கூட, பல ஊர்களில் உண்டு.

ஆகவே குழுவில் ரொம்பப் புதியவர் யாரோ, அவரை வைத்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நன்றாகச் சறுக்குகிறவர் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வார். நிறங்களும் நாட்டுக்கு நாடு ஒன்றல்ல: பிரான்சில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நான்கு, ஆஸ்திரியாவிலும் சுவிஸிலும் இத்தாலியிலும் நீலத்தில்தான் தொடங்கும். செயின்ட் ஆன்டனின் நீலம் வேறு ஊரில் சிவப்பாக இருக்கும் என்று அங்கே போய்வந்தவர்கள் முனகுவது வழக்கம், அது வீண்புலம்பல் அல்ல. ஆஸ்திரியாதான் வேண்டும், புதியவர்களும் இருக்கிறார்கள், பனியும் நிச்சயம் வேண்டும் என்றால் 1,930 மீட்டரில் இருக்கும் ஓபர்குர்கல் பாருங்கள். அமைதியான சின்ன ஊர், சரிவுகள் நிதானம், ராத்திரிக் கூத்து குறைவு. கூத்துதான் வேண்டும் என்பவர்களுக்கு இஷ்கல் இருக்கிறது.

சறுக்கவே மாட்டேன் என்று ஒருவர் கூட வருவதுண்டு, பெரும்பாலும் அப்பா அம்மா. அவர்களை உயரமான பிரெஞ்சு ஊரில் உட்கார வைத்தால் இரண்டாம் நாளே எப்போது வீட்டுக்கு என்று கேட்பார்கள், நியாயம்தான், பார்க்கவும் நடக்கவும் அங்கே ஒன்றுமில்லை. வெங்கன், செர்மாட், ஓர்டிசெய் போன்ற ஊர்களில் ரயிலேறி உச்சிக்குப் போகலாம், பனியில் நடக்கவென்றே ஒதுக்கிய பாதைகள் உண்டு, மத்தியானம் மலையில் சேர்ந்து சாப்பிடலாம். சுவிஸ் என்றால் ஒரு தட்டு உருளைக்கிழங்கு ரோஸ்டியே 25 பிராங்க் வாக்கில் ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவிஸ் ஹோட்டல், உணவகச் சமையலறைகளில் ஈழத்தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வேலைசெய்து வருகிறார்கள், மலையூர் ஒன்றில் உள்ளேயிருந்து தமிழ் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

எந்த வாரம் என்பது ஹோட்டலைவிட விலையைத் தீர்மானிக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அப்புறம் பிப்ரவரி. பிரான்ஸ் தன் பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து விடுமுறை விடுவதால் அந்த நெரிசல் நான்கு வாரத்துக்கு நீளும்; அதிலேயே பிரிட்டன் பள்ளிகளின் அரைப்பருவ விடுமுறையும் வந்து விழும். ஜனவரி இரண்டாம், மூன்றாம் வாரம் அதே அறை கணிசமாக மலிவு, லிஃப்ட்டில் வரிசையும் இல்லை, குளிரைத் தாங்கினால் போதும். மார்ச்சில் வெயிலும் நீண்ட பகலும். பிரான்சில் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான் வாடகை, அதனால் பிப்ரவரிச் சனிக்கிழமையில் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் மூட்டியே ஊரிலிருந்து மேலே போகும் மலைச்சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும், ஜெனீவாவிலிருந்து இரண்டரை மூன்று மணி நேரப் பயணம் அன்றைக்கு அதைப்போல இரண்டு மடங்காகலாம். ஞாயிற்றுக்கிழமை ஏற்கும் ஹோட்டல் கிடைத்தால் விடாதீர்கள். இல்லையென்றால் ரயில். செயின்ட் ஆன்டன் நிலையத்தில் இறங்கினால் ஊருக்குள்ளேயே நிற்பீர்கள். லெஸ் ஆர்க் போக, பூர் சான் மொரீஸ் நிலையத்திலிருந்து ஏழு நிமிடத்தில் மேலே ஏற்றிவிடும் கயிற்று ரயில் இருக்கிறது.

வாடகையில் வராத செலவுகளும் உண்டு. ஆளுக்கு, ராத்திரிக்கு என்று ஊர்வரி, கடைசி நாள் பில்லில்தான் தெரியும். ஹாஃப் போர்டில் குடிபானம் சேராது, சாதாரணத் தண்ணீர் பாட்டிலுக்கும் காசு. கார் நிறுத்தம் தனி. பாஸ், ஸ்கீ வாடகை, பள்ளிக் கட்டணம் மூன்றையும் கூட்டினால் சில குடும்பங்களுக்கு அறை வாடகையையே தாண்டிவிடும். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள், சரிவிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிப்போனால் சில ஆயிரம் யூரோ பில் வரும்.

விருந்தினர் விமர்சனங்களை வாசிக்கும்போது ஜூலை, ஆகஸ்டில் எழுதியதையெல்லாம் தள்ளிவிடுங்கள். அவர்கள் பால்கனியில் உட்கார்ந்து மலையைப் பார்த்தவர்கள், அந்த பஸ்ஸில் ஸ்கீயோடு நின்றவர்கள் அல்ல. குளிர்காலத்தில் எழுதியதில் பஸ், பூட்ஸ், லிஃப்ட், வரிசை என்ற சொற்கள் வரும் வரிகளை மட்டும் தேடினால் போதும், பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

இரண்டு மூன்று ஹோட்டலாகச் சுருங்கியதும் நேரடியாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கதவிலிருந்து எந்த லிஃப்ட்டுக்கு எத்தனை மீட்டர், வழி ஏற்றமா, மாலையில் ஹோட்டலுக்கு அருகில் முடியும் பாதையின் நிறம் என்ன, ஸ்கீ பள்ளிக் குழந்தைகள் காலையில் எங்கே கூடுகிறார்கள், பூட்ஸ் உலர்த்த வசதி உண்டா. குடும்பம் நடத்தும் ஹோட்டல் என்றால் ஒரே நாளில், சில சமயம் கையால் வட்டம் போட்ட வரைபடத்தோடு பதில் வந்துவிடும். லிஃப்ட்டின் பெயரும் மீட்டர் கணக்கும் இருக்கும் பதிலுக்கு முன்பணம் அனுப்பலாம். 'மிக அருகில்தான், அழகான இடம்' என்று மட்டும் வந்தால் பட்டியலில் அடுத்த ஹோட்டலுக்கு எழுதுங்கள்.